வழிகாட்டுவோர் சங்கமும் வழியின் அறமும்

பிறருக்கு வழிகாட்டுவோர் தமக்கென ஒரு சங்கம் அமைக்கின்றனர், அதுவும் வளர்கின்றது. அவ்வளர்ச்சியை எதனால் அளப்பது? உறுப்பினர் தொகையாலா, அன்றி வழிகேட்டு வந்த மாணவர் அடைந்த நன்மையாலா? இவ்வினா நிருவாகத்தின்பாற்பட்டதன்று, அறத்தின்பாற்பட்டது.

1977ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், மாணவர்க்குக் கல்வி ஆலோசனை கூறுவோர் தேசிய மாநாடொன்றில் முதன்முறையாகக் கூடினர். 1979இல் அக்கூட்டம் தேசிய கல்வி ஆலோசனைச் சங்கமாக உருப்பெற்றது. 1990 முதல் அதன் செயலகம் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கலாயிற்று. பின்னாளில் உறுப்பினர் தொகை 10,000ஐக் கடந்தது. பிற நாட்டினரும் இணைந்தனர்.

இத்தகைய வளர்ச்சி வேண்டற்பாலதே. தனித்து நிற்கும் ஆலோசகர் தம் அனுபவத்தையே உலக நியதியாகக் கொள்ளக்கூடும். சங்கமோ அவர் கூற்றைப் பிறர் கூற்றோடு ஒப்புநோக்க வைக்கின்றது. பொதுவான ஒழுக்கநெறியொன்றை வகுக்கின்றது. எனினும், பதவிகளும் மாநாடுகளும் பெருகுந்தோறும், மாணவர் நலன் நோக்கமாக நில்லாது வெறுஞ் சாட்டாகிவிடும் ஆபத்தும் உண்டு.

முல்லைத்தீவு, இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியிற் பின்தங்கியதாகக் கணிக்கப்படும் மாவட்டங்களுள் ஒன்று. 2009இல் முடிவுற்ற போரினால் இடம்பெயர்ந்து மீண்ட மண் அது. அம்மாவட்டத்து வற்றாப்பளையிலிருந்து, தன் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ‘இப்பாடம் உனக்கு ஏலாது’ என்னும் ஒரு சொல் அவளுக்கு ஆணையாகிவிடும். அதனை மறுத்துரைக்க அனுபவம் உடையோர் அவள் வீட்டில் இலர். ஆதலின், தெரிவுகளை விளக்கி, முடிவை அவளிடமே விடுதல் ஆலோசகரின் கடன்.

அங்ஙனம் விடுதல் கைவிடுதலாகாதா என வினவலாம். இடர்களை மறையாது உரைத்து, அவள் முடிவெடுத்த பின்னரும் உடனிருப்பின், அது கைவிடுதலாகாது.

சங்கத் தலைமைக்கும் இந்நெறியே பொருந்தும். யாவற்றையும் தானே தீர்மானிக்கும் தலைமையின்கீழ்ப் பழகியோர், மாணவருக்காகவும் யாவற்றையும் தாமே தீர்மானிக்கத் தலைப்படுவர். மேலே பயின்ற வழக்கம் கீழே இறங்குதல் இயல்பன்றோ!

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்து வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீரில் விளக்கெரிப்பது மரபு. அந்நீரை எடுத்து வருவோர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. உரிய இடத்தில் ஒப்படைப்பதோடு அவர்தம் பணி நிறைவுறும். தலைமையும் அத்தகையதொரு பொறுப்பே, ஆலோசனையும் அத்தகையதே. ஆலோசகர் அருகில் இல்லாதபோதும் அம்மாணவி தன் வழியைத் தானே தேர்ந்து நடப்பாளாயின், அதுவே அச்சங்கத்தின் மெய்யான வளர்ச்சியாகும்.