கடை பூட்டும் வேளை: ஓர் அறவியல் நோக்கு

மனிதரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல்களுள் கடையிலே நிகழ்வதே மிகத் தெளிவானதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. பொருளுக்கு விலை உண்டு. விலையைக் கொடுத்தவருக்குப் பொருள் சேரும். அத்துடன் தொடர்பு முடியும். ஆயினும் விலை குறிக்கப்படாத ஒன்றும் அங்கே நாள்தோறும் கைமாறுகின்றது. பூட்டும் வேளை வந்த பின்னரும் உள்ளே நிற்பவர் எடுத்துக்கொள்ளும் நேரமே அது. அது யாருடைய நேரம்? அதனைக் கொடுப்பவர் யார்? கொடுக்க மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா? இவ்வினாக்கள் அற்பமானவைபோலத் தோன்றினும், ஒருவரை மற்றவர் எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்னும் பழைய வினாவின் கிளைகளேயாம்.

துணுக்காய்ப் பிரதேசத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் செல்லும் வீதியில் அமைந்த இப்பிரதேசம் வயலையும் குளத்தையும் நம்பி வாழ்வது. மல்லாவியே அதன் கடைத்தெரு. 2008 இல் போர் நெருங்கியபோது மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். 2009 இன் இறுதியிலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. வெறுமையாய்க் கிடந்த இடங்களில் மீண்டும் கடைகள் எழுந்தன. இத்தகைய ஊரில் கடை திறந்திருத்தல் வாணிபம் மட்டுமன்று. ஊர் மறுபடியும் ஊராகிவிட்டது என்பதற்கான சான்றுமாகும். 1990 முதல் 2002 இன் தொடக்கம் வரை பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்தும் அருமையாகிப்போன காலத்தை மறவாதவர்களுக்கு, பொருள் நிறைந்த தட்டுகளின் முன் சிறிது நேரம் நிற்பதே ஓர் ஆறுதல். அந்த நிற்றலை எடுத்த எடுப்பில் குற்றமெனக் கூறுதல் பொருந்தாது.

பொழுதுபட்ட பின்னரே வயலிலிருந்து கரையேறும் விவசாயி கடைசி நேரத்தில் கிருமிநாசினியோ தேங்காயெண்ணெயோ வாங்க வருதலும் குற்றமன்று. அவருடைய பகலையும் வேலையே கொண்டு சென்றுவிட்டது. இங்கே கருதப்படுபவர் வேறொருவர். வாங்கி முடித்தும் போகாதவர். வாங்கும் எண்ணமின்றியே புடைவைக்கடையில் சேலைகளை விரிக்கச் சொல்லிப் பார்ப்பவர். முதலாளியோடு அரசியல் பேசுவதற்கென வாங்கிலில் அமர்ந்திருப்பவர். முன்னவரிடம் உள்ளது தேவை. பின்னவரிடம் உள்ளது ஓய்வு. அந்த ஓய்வு மற்றொருவரின் ஓய்விலிருந்தே வெட்டியெடுக்கப்படுகின்றது.

கடைசி வாடிக்கையாளர் படியிறங்கும்வரை விற்பனைப் பெண்ணின் எஞ்சிய வேலை தொடங்குவதேயில்லை. விரித்த சேலைகளை மடிக்கவேண்டும், தட்டுகளை ஒழுங்குபடுத்தவேண்டும், கணக்கை ஒப்படைக்கவேண்டும், கூட்டவேண்டும். அதன் பின்னரே சைக்கிள். வன்னியின் உட்கிராமங்களுக்குச் செல்லும் வீதிகளில் வெளிச்சம் குறைவு. யானைப் பயமும் உண்டு. உள்ளே கழியும் பத்து நிமிடமும் வெளியே இருட்டில் கழியும் பத்து நிமிடமும் கடிகாரத்துக்கே சமமானவை.

இவ்விடத்தில் விருந்தோம்பலைச் சான்று காட்டுவோர் உண்டு. வந்தவரை வெளியேறச் சொல்லுதல் தமிழர் பண்பன்று என்பது அவர்தம் வாதம். ஆனால் திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலிலேயே வைத்துள்ளது. விருந்தை ஓம்புபவர் தம் வீட்டையும் தம் உணவையும் தம் நேரத்தையும் தருபவர். கடையிலோ 'வாங்கோ' என்று வரவேற்பது பெண்ணின் வாய், கடை முதலாளியுடையது, செலவாகும் மாலைப்பொழுது மட்டும் அப்பெண்ணுடையது. தனக்கு உரிமையில்லாத இடத்தில், மறுக்கும் அதிகாரமுமின்றி ஒருவர் காட்டும் இன்முகத்தை விருந்தோம்பல் என்று பெயரிடுதல் அச்சொல்லுக்கே இழைக்கும் தீங்காகும்.

உறவுமுறைச் சொற்களும் இவ்வாறே வேலை செய்கின்றன. 'தங்கச்சி, ஒரு நிமிசம்', 'பிள்ளை, அந்த மேல்தட்டில இருக்கிறதையும் ஒருக்கா எடு' என்னும் குரல்களில் அன்பு இல்லையென்று கூறமுடியாது. ஆயினும் சொந்தத் தங்கையாயின், இருட்டில் எப்படிப் போவாய் என்ற கேள்வியன்றோ முதலில் எழும்? உறவின் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, உறவின் கடமை வாசலிலேயே விடப்படுகின்றது.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785 இல் எழுதினார். விற்பனையாளரின் சேவையைப் பெறுவதால் எவரும் இவ்விதியை மீறுவதில்லை. அவரும் வேதனத்துக்காக உடன்பட்டே நிற்கின்றார். உடன்பாடு முடிந்த நேரத்திலும் அவர் நிற்க நேர்வதிலேயே மீறல் தொடங்குகின்றது. அவருடைய புன்னகையைச் சம்மதமாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983 இல் நூலெழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சில்ட், முகத்தின் இனிமையே வேலையின் ஒரு பகுதியாக வாங்கப்படும் தொழில்கள் உண்டென விளக்கினார். புன்னகைக்கவேண்டியது கடமையாயின், புன்னகை எதற்கும் சான்றாகாது.

சட்டம் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்துள்ளது. இலங்கையின் 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைநேரத்தை வரையறுத்தது. 1947 ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கடைகள் சட்டமோ பூட்டும் நேரத்தையே நேராக நோக்கிற்று: குறித்த வேளையில் கவனிக்கப்பட்டுக் கொண்டிருப்பவருக்கும் காத்திருப்பவருக்கும் மேலும் கால்மணி நேரம் பொருள் வழங்கலாம் என அது விதித்தது. தொடங்கிய கொடுக்கல் வாங்கல் முடியவேண்டும். ஆயினும் அது முடிவின்றி நீளலாகாது. விவசாயியையும் வாங்கிலில் அமர்ந்தவரையும் வேறுபடுத்த இக்கால்மணி நேரமே போதுமானது. சட்டங்களின் வரட்டு நடையில் இத்தகைய நியாயங்கள் சில வேளைகளில் ஒளிந்திருப்பதுண்டு.

எனினும் துணுக்காயின் சிறு கடையொன்றில் சட்டப்பிரிவை எடுத்துக்காட்டப் போகின்றவர் எவருமிலர். அங்கே வாய் பேசமுடியாததைப் பொருள்கள் பேசுகின்றன. மின்விசிறி நிற்கின்றது, பின்பக்க விளக்கு அணைகின்றது, விளக்குமாறு நிற்பவரின் கால்வரை வருகின்றது, கதவு பாதி இறங்குகின்றது. இவற்றை மரியாதைக் குறைவெனக் கோபிப்பவர், நேரே சொல்லும் உரிமை அப்பெண்ணுக்கு வழங்கப்படவில்லை என்பதை எண்ணுவதில்லை. சொல்லவேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. நேரத்தை வாங்கியவர் அவரே, அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவரும் அவரே. நண்பரின் பேச்சை இடைநிறுத்தி, 'பிள்ளையள் வீட்டை போகவேணும் அண்ணை, மிச்சத்தை நாளைக்குக் கதைப்பம்' என்று அவர் எழுந்து நிற்கும் கடைகளில் விளக்கை அணைத்துக் காட்டவேண்டிய தேவை நேர்வதில்லை. அமர்ந்திருந்தவரும் பெரும்பாலும் மனம் நோகாமலே தம் சைக்கிளை எடுக்கின்றார்.