வரலாம், பிடிக்க மாட்டோம்

2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரத்தில் ஒரு வால்மார்ட். பள்ளி திறக்கும் நேரம் என்பதால் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கக் கூட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஹிஸ்பானிக் மக்களைக் கொல்வதற்கென்றே ஒருவன் டாலஸ் பக்கத்திலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்து சுட்டான். 23 பேர் இறந்தார்கள்.

அதையொட்டி எல்லைக் காவல் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மருத்துவமனைகளிலும் குடும்பங்கள் ஒன்றுசேரும் மையத்திலும் குடியேற்றச் சோதனை நடக்காது என்றது. பேச்சுத் தமிழில் சொன்னால், "பயப்படாம வந்து தேடுங்க, பிடிக்க மாட்டோம்."

2022 மே 24. அதே மாநிலம், யுவால்டே என்ற சின்ன ஊர். மக்களில் பெரும்பான்மையினர் ஹிஸ்பானிக். ராப் ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். மறுபடியும் அதே மாதிரி அறிவிப்பு.

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. எல் பாசோவில் நடந்தது இனவெறி. யுவால்டேயில் சுட்டவனும் ஹிஸ்பானிக், அதே ஊரில் வாழ்ந்தவன். ஆனால் இரண்டு இடத்திலும் பிணத்தைத் தேடி வரும் பெற்றோரிடம் அரசு முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. எனக்கு உறுத்துவது அதுதான்.

யுவால்டேயில் சுட்டவனுக்கு 18 வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த வயதில் டெக்சாஸில் கடைக்குப் போய் ஒரு பீர் வாங்க முடியாது, 21 ஆக வேண்டும். அவன் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கினான். பள்ளிக்கு 376 காவலர்கள் வந்தார்கள். குழந்தைகள் உள்ளேயிருந்து போன் செய்துகொண்டிருக்க, அவனைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அதுவரை வெளியே அவர்கள் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது பெற்றோரை.

யாருக்கு எது தானாகக் கிடைக்கிறது, யார் எதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது? அங்கே துப்பாக்கி உரிமை, அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. செத்த பிள்ளையைப் பார்க்க வருவது, ஆவணமில்லாத ஒரு தாய்க்குச் சலுகை.

அப்படியென்றால் அந்த அறிவிப்பே வேண்டாமா? வேண்டும். அதை எழுதிய அதிகாரி நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். அது இல்லாவிட்டால் சிலர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஆனால் கருணை என்பது கொடுப்பவர் கையில் இருப்பது, நினைத்தபோது எடுத்துக்கொள்ளலாம். உரிமையை அப்படி எடுக்க முடியாது.

"நல்லதுக்குப் போகலைன்னாலும் கெட்டதுக்குப் போயிடணும்"னு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எழவு வீட்டு வாசலில் யாரும் யாரையும் நீ யார், எந்த ஊர்க்காரன் என்று கேட்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். துக்கத்துக்கு அடையாள அட்டை கிடையாது.

அந்த அறிவிப்பைத் திரும்பவும் வாசிக்கிறேன். "பிடிக்க மாட்டோம்" என்பதற்கு முன்னால் எழுதாமல் விட்ட ஒரு சொல் இருக்கிறது. அங்கே வந்து நின்றவர்களுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும்: இன்னைக்கு.