பூ வரைந்தவருக்குப் பட்ட கடன்

ஏழாம் கட்டளை களவை விலக்குகிறது. பிறரது கைத்தொழிலின் நுட்பத்தைக் கேட்டறிந்து ஊரறியச் சொல்வதும் களவாகுமா? சோழமண்டலக் கரையின் பூத்துணிகள் இக்கேள்வியை எழுப்புகின்றன.

கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், மூங்கில் எழுதுகோலால் கொடியும் மலரும் வரைந்தனர் நம் கலைஞர். படிகார நீர் தீட்டிய இடத்தில், கடலோர மணலில் வளரும் சாயவேரின் சிவப்பு அழியாமல் பற்றியது. கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் இவை ஐரோப்பிய இல்லங்களை அலங்கரித்தன. தன் நெசவாளர் நலிவர் என அஞ்சிய பிரான்சு, 1686-இல் இவற்றின் இறக்குமதியையும் உள்நாட்டுப் போலிகளையும் தடைசெய்தது.

1742-இல் இயேசு சபைக் குரு கேர்தூ, இத்தொழில்முறையைக் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அதை அவருக்கு விளக்கியவர்கள், புதிதாகத் திருமறை தழுவிய தொழிலாளர். 1759-இல் தடை நீங்கியது. மறு ஆண்டே ழூயி என்னும் ஊரில் துணி அச்சுக்கூடம் எழுந்தது. அத்தகைய பூக்கள் சுவர்த்தாள்களிலும் மலர்ந்தன.

அறிவு விளக்கைப் போன்றது. மற்றொன்றை ஏற்றுவதால் ஒளி குறையாது. ஆதலால் கற்றது களவன்று. ஆனால் நம்பிச் சொன்னவருக்குப் பெயரும் பயனும் சேர வேண்டாவா? அன்பினால் பெற்றதற்கும் நீதியின் கடன் உண்டு.

முத்துக் குளித்த வேம்பார் இதை அறியும். முத்தை அணிந்தவரை உலகம் பாராட்டியது; மூச்சடக்கி மூழ்கியவரை யார் நினைத்தார்?

தஞ்சைப் பகுதியின் கருப்பூர் கலங்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயரைச் சட்டம் காக்கும். கூலியைக் காப்பது வாங்குவோரின் மனச்சான்று. அச்சிட்ட துணியின் விலைக்குக் கைவேலையைக் கேட்கும்போது, நாம் களவின் வாசலில் நிற்கிறோம்.