பழைய பலகைக் கணினி வாங்குதல் தகுமா?

சின்னாட்களுக்கு முன், ஜீவனஹள்ளியில் மாலைக் கூட்டம் முடிந்தபின், தாயார் ஒருவர் என்னை அணுகினார். காக்ஸ் டவுன் வீடுகளில் பாத்திரம் துலக்கி ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி ஒன்று வேண்டுமாம். "புதியது நமக்கு எட்டாது ஐயா. எஸ்.பி. ரோட்டிலே பழையது கிடைக்கிறதாம், வாங்கலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற என் நா எழவில்லை. ஏன் எனில், இரண்டாண்டுகளுக்கு முன் இதே வினாவுக்கு நான் அவசரப்பட்டு விடை கூறியவன். அப்போது வேறொரு மாணவியின் பொருட்டு, "உள்ளது கொண்டு நிறைவடைக; பழையதே போதும்" என்று உபதேசித்து, பத்தாண்டு கண்ட டேப்லெட் ஒன்றை வாங்கிக் கொடுக்கச் செய்தேன். திரை பளிச்சென்று இருந்தது, விலையும் மலிவு. ஆனால் பள்ளி கூறிய பாடச் செயலி அதில் ஏறவே இல்லை. கடைக்காரர் திரும்பப் பெற மறுத்தார். அந்தப் பெண் தேர்வுக் காலம் முழுதும் அண்டை வீட்டாரின் கைபேசிக்காக இரவில் வாசலில் காத்து நின்றாள். உபதேசம் என்னுடையது, துன்பம் அவளுடையது.

ஆகவே, இது வெறும் கடைத்தெருக் கேள்வி அன்று. அறக்கேள்வியே என்பதை உணர்ந்து, இம்முறை சற்று ஆராயத் தலைப்பட்டேன்.

முதலாவது, ஒரு பொருள் பழையதாகிறது என்பதன் பொருள் என்ன? நான் பஞ்சாலையில் உழைத்தவன். எங்கள் ரிங் பிரேமில் டிராவலர் தேய்ந்தால் மாற்றுவோம். ஸ்பிண்டில் ஆடினால் மாற்றுவோம். என் வயதொத்த இயந்திரங்களும் நல்ல நூல் நூற்றன. பலகைக் கணினியின் முதுமையோ வேறு வகை. உடல் நலமாக இருக்கும்போதே, அதனை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதை ஆக்கியவர் நிறுத்திவிடுகின்றனர். 2014இல் வெளிவந்த ஐபேட் ஏர் 2 என்பது 15ஆம் பதிப்போடு நின்றது. 2017இன் ஐந்தாம் தலைமுறை ஐபேட் 16ஆம் பதிப்போடும், 2018இன் ஆறாம் தலைமுறை 17ஆம் பதிப்போடும், 2019இன் ஏழாம் தலைமுறை 18ஆம் பதிப்போடும் நின்றன. ஆண்டிராய்டு வகையிலோ, குரோம் உலாவி 2025 ஆகஸ்டு முதல் 10ஆம் பதிப்புக்கு முந்திய கருவிகளுக்குப் புதிதாக வருவதில்லை. கருவி அன்றே மடிவதில்லை. ஆனால் ஒவ்வொரு செயலியாக அதனைக் கைவிடுகிறது. திருடர் நுழையும் ஓட்டைகளும் அடைபடாமல் கிடக்கின்றன. மின்கலமும் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் சிறிது சிறிதாக வலுவிழக்கிறது.

அங்ஙனமாயின் மலிவான புதியதே மேல் எனலாமோ? அதுவும் அன்று. 2011 அக்டோபர் 5ஆம் நாள் புதுடில்லியில் மத்திய அரசு மாணவர்க்கென 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை வெளியிட்டதைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். அரசு அளித்த விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். நோக்கம் உயர்ந்தது, ஆனால் நினைவகம் 256 எம்.பி.; திரையையோ அழுத்தி அழுத்தித் தொட வேண்டும். மந்தம் என்ற குறையே மிகுதியாக எழுந்தது. அதே 2011இல் வந்த ஐபேட் 2 என்பது 2016 வரை புதுப்பிப்புப் பெற்றது. எனவே புதியது, பழையது என்னும் பெயரைக் கொண்டு மதிப்பிடலாகாது. இன்னும் எத்தனை ஆண்டு பயன் தரும் என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். மூவாயிரம் ரூபாய்ப் பொருள் ஆறு மாதத்தில் அவிந்தால், மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. ஐயாயிரம் ரூபாய்ப் பொருள் மூன்றாண்டு உழைத்தால், மாதத்துக்கு நூற்று நாற்பது ரூபாயும் ஆகாது. ஏழைக்கு மலிவாகத் தோன்றுவதே பல வேளைகளில் விலை மிகுந்தது.

இரண்டாவது, அது எவர் கைப்பொருள்? கொடாததைக் கொள்ளாமை நாம் ஏற்ற சீலம். களவுப் பொருளென ஐயுற்றும் மலிவு கருதி வாங்குவோன், களவுக்குக் கூலி கொடுப்பவனாகிறான். சிம் இடும் வகைக் கருவிக்கு ஐ.எம்.இ.ஐ. என்னும் எண் உண்டு. 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதனைச் சரிபார்க்கலாம். முந்தைய உரிமையாளரின் கணக்கு நீங்காத கருவி பூட்டிய பெட்டி போன்றது, அதனை வாங்கலாகாது. ரசீது தர மறுப்பவரிடமும் வாங்கலாகாது.

மூன்றாவது, பழையதை வெறுப்பதும் முறையன்று. கோசம்பியில் உதயண மன்னனின் அரசியர் ஆனந்தருக்கு 500 ஆடைகள் வழங்கினர். "இத்தனை ஆடைகளை என் செய்வீர்?" என மன்னன் வினவினான். கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். அவர்தம் பழைய ஆடை விரிப்பாகும், பழைய விரிப்பு தரைவிரிப்பாகும், பிறகு கால்மிதியாகும், துடைக்கும் துணியாகும், முடிவில் கிழித்துச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 அளித்தான் என விநய பிடகம் கூறும். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது நாலில் ஒரு பங்கும் இல்லை. அக்கழிவை எரித்து உலோகம் பிரிப்போர் நம்மைப் போன்ற எளியோரே.

ஆனால் ஆனந்தர் கூறியதன் நுட்பத்தைக் காண்மின்! கால்மிதியை ஒரு பிக்குவுக்கு உடுத்தக் கொடுப்போம் என்று அவர் கூறினாரில்லை. ஒவ்வொன்றையும் அதற்கேற்ற பணிக்கே வைத்தார். செயலிகள் கைவிட்ட டேப்லெட்டும் இறக்கி வைத்த நூல்களைப் படிக்கவும், உரைகளைக் கேட்கவும் உதவும். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாக அளித்து வருகிறது. வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறவாதிருத்தல் நலம். என் முதுமைக்கு அத்தகையது போதும். தேர்வெழுதும் பிள்ளைக்குப் போதாது.

இங்கேதான் என் பிழையைக் கண்டேன். நிறைவு என்பது நான் என்மீது சுமத்திக் கொள்ளும் நோன்பு. பிறர் பிள்ளைமீது சுமத்தினால் அது நோன்பன்று, வஞ்சனை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது 'ஒரு பைசாத் தமிழன்' எனப் பெயரிட்டு ஒரு பைசாவுக்கே அளித்தார். விலை குறைந்தது, சரக்குக் குறையவில்லை.

எனவே அத்தாயாரிடம் இவ்வாறு கூறினேன்: "வாங்கலாம் அம்மா. ஆனால் மகளையும் அழைத்துப் போங்கள். இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று அவளே பார்க்கட்டும். பாடச் செயலியைக் கடையிலேயே ஏற்றி, ஒரு பாடம் ஓடிய பின் பணம் கொடுங்கள். ஓடாவிட்டால் திரும்பி வாருங்கள். குறையும் தொகைக்கு நாங்கள் இருக்கிறோம்."

முன்பு அந்த மாணவிக்கு எது வேண்டும் என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. அன்பர்களே, ஈவதற்கு முன் கேளுங்கள்.