தானே இயங்கும் ஊர்தியும் வினைமுதலும்

ஓட்டுவாரின்றித் தானே இயங்கும் மோட்டார் வண்டிகள் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இப்பொழுது கூலிக்கு ஆளேற்றிச் செல்கின்றன. அத்தகைய வண்டியால் ஓருயிர் மாளுமாயின் அவ்வினை யாரைச் சாரும் என்பது சைவநூல் பயின்றார் ஆராய்தற்குரிய வினாவேயாம்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாளிரவு, அரிசோனா மாகாணத்து டெம்பி நகரில், ஊபர் கம்பெனியார் சோதனைக்கு விடுத்த வண்டியொன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை மோதிக் கொன்றது. மோதுதற்கு 5.6 விநாடி முன்னரே வண்டியின் கருவிகள் அவரைக் கண்டன. கண்டும், ஒருகால் வேறு வண்டியென்றும், ஒருகால் மிதிவண்டியென்றும், ஒருகால் இன்னதென்றறியாப் பொருளென்றும் மாறிமாறிக் கொண்டன. குறித்த கடவையல்லாத இடத்தும் மக்கள் குறுக்கே நடப்பர் என்பது அதன் கணிப்புமுறையில் எண்ணப்படவேயில்லை என்று, அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் 2019-இல் அறிவித்தனர். சிறுவரும் அறிந்த செய்தியன்றோ அது! வண்டியைச் செய்தார் அமைத்திருந்த தானே தடைபோடுங் கருவியும் சோதனையின்போது செயலற வைக்கப்பட்டிருந்தது. அங்ஙனமிருந்தும் கம்பெனியார்மேற் குற்றவழக்கிற்கு இடமில்லையென அரசு வழக்குரைஞர் விடுத்தனர். வண்டியிலிருந்து மேற்பார்த்த பணியாளர் ஒருவரே 2023-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பிற்கு உட்படுத்தப்பட்டார். அவர் சாலையை நோக்காது கைத்தொலைபேசியை நோக்கியது பிழையே.

வண்டியே கண்டது, வண்டியே துணிந்தது என்பாருமுளர். அது பொருந்தாது. ஐம்பொறிகள் உயிரால் விடயங்களை அறிந்தும், தம்மையும் தம்மைச் செலுத்தும் உயிரையும் அறியமாட்டா என்பது சிவஞானபோதம் ஐந்தாஞ் சூத்திரத்துட் பெறப்பட்டது. உயிரோடு கூடிய கண்ணிற்கே இந்நிலையாயின், கதிரை வீசித் தூரமளக்கும் இயந்திரத்திற்குச் சொல்லவேண்டுவதில்லை. குயவன் திரிகைபோல அது துணைக்காரணமாய் நிற்பதன்றி, சடமாதலின் இருவினைக்கு உரியதாகாது.

அற்றேல், வினைமுதல் யார்? இலக்கணநூலார் இயற்றுதற் கருத்தாவோடு ஏவுதற் கருத்தாவையுங் கொண்டனர். திருக்கோயிலைச் சிற்பியும் கட்டினான், அரசனும் கட்டினான் என வழங்குகின்றோம். புண்ணியத்தில் ஏவினானுக்குப் பங்குண்டென்பார், பாவத்தில் மாத்திரம் இல்லையென்றல் யாங்ஙனம்?

இனி, அரசின் கடனும் உண்டு. அரிசோனா ஆளுநர் 2015-இல் ஆணை பிறப்பித்து இச்சோதனைகளை வரவேற்றனர். பின்னர் அம்மாகாணத்தின் மேற்பார்வை போதாமையை வாரியத்தாரே சுட்டினர். திருவாரூரில் ஆன்கன்று மாண்டஞான்று மனுச்சோழர், குடிகட்குப் பகைவரால் வரும் அச்சத்தை மட்டுமன்றி, தம்மாலும் தம் பரிசனத்தாலும் வரும் அச்சத்தையும் நீக்குதல் காவலன் கடனென்று கொண்டார். தேரின்மேற் பழிசொல்ல அங்கே ஒருவரும் முன்வரவில்லை! பிரித்தானியர் 2024-இல் இயற்றிய சட்டம், வண்டி தானே ஓடும்போது நேரும் ஓட்டுதற் பிழைகட்கு உள்ளிருப்பாரை விடுத்து, அனுமதி பெற்ற நிறுவனத்தாரைப் பொறுப்பாக்குகின்றது. இது ஏவுதற் கருத்தாவைக் கண்ட சட்டம்.

கள்ளுண்டும் உறங்கியும் வண்டியோட்டி உயிர்கொல்வார் பலர். இயந்திரத்தால் அக்கொலை குறையுமேல் நன்றே. அதனை வேண்டாவென்பது நம் கருத்தன்று. ஆயினும் சட்டம் பிடித்த கம்பெனியும் ஓர் உயிரன்று. தண்டப்பணம் அதனைச் சாரலாம்; கன்மமோ உயிரையே பற்றும். டெம்பி நகரத்து வண்டிக்குக் கணிப்புமுறை வகுத்தோர், தடைக்கருவியை நிறுத்துக என்றோர், இவ்வளவு காவல் போதுமென்று இசைந்தோர் ஆகிய இவருள் எவர் எத்துணை அறிந்து செய்தனர் என்பது எந்தக் குற்றவழக்கிலும் இன்றளவும் வினவப்படவில்லை.