ராஜாவுக்கு “வேண்டாம்” சொன்னவர்கள்

(சித்தூரில் தமிழன்பர்களிடையே நிகழ்ந்த சொற்பொழிவின் ஒரு பகுதி)

சித்தூர்ல உட்கார்ந்து பக்தியைப் பத்திப் பேசிட்டு நடிகர் நாகையா பேரைச் சொல்லாமப் போனா பாவம் சேரும். அவர் 1904-ல பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லே. ஆனா இந்த ஊர் ராம விலாச சபா மேடையில நடிச்சாரே, அதனால சித்தூர் வி. நாகையா! முன்வரிசையில ஒரு அண்ணன் கண்ணசந்துட்டார். நாகையா படமும் மெதுவாத்தான் போகும், எழுப்பாதீங்க. (சிரிப்பு)

1945 தீபாவளிக்கு வந்த ‘மீரா’வுல எம்.எஸ். அம்மாவுக்கு எதிர்ல நின்ன ராணா யாரு? நம்ம நாகையாதான். கிருஷ்ண பக்தி பொறுக்காத ராணா. மறுவருஷமே ‘தியாகய்யா’. தயாரிப்பு, டைரக்‌ஷன், சங்கீதம், வேஷம் எல்லாம் அவரே. சரபோஜி மகாராஜா சபைக்குக் கூப்பிடறார், தியாகய்யர் வேண்டாம்னார். நிதியா, சந்நிதியா, எது சுகம்னு பாடினார். கல்யாணி ராகம் தெரிஞ்சவங்க தலையாட்டறீங்க, சந்தோஷம்.

அதுக்கு முன்னாடி, 1943-ல ‘பக்த போதனா’. அதுலயும் போதனா நம்ம நாகையாதான். டைரக்டர் கே.வி. ரெட்டிக்கு அதுதான் முதல் படம். போதனா தெலுங்குல எழுதின பாகவதத்தை ராஜாவுக்கு அர்ப்பணம் பண்ணலை, ராமனுக்குப் பண்ணினார். அங்கேயும் வேண்டாம்தான்!

இன்னொரு ‘வேண்டாம்’ கேட்கத் திருமலைக்கு வாங்க. சந்திரகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறீங்களே, அதை ஆண்டவர் சாளுவ நரசிம்மர். பெருமாளைத் தெலுங்குல பாடற அன்னமய்யாகிட்ட, அதே மாதிரி தன்னையும் பாடச் சொன்னார். அன்னமய்யா காதைப் பொத்திக்கிட்டார். விலங்கு மாட்டினாங்க, அதுவும் தானா கழண்டுதுன்னு சரித்திரம். அவர் 32,000 பாட்டுப் பாடினார்னு பேரன் சின்னண்ணா எழுதி வச்சிருக்கார். நமக்குக் கிடைச்சது பாதிகூட இல்லை. அதுவும் செப்பேட்டுல வெட்டி வச்சதால மிஞ்சிச்சு.

அந்தச் செப்பேடுகள் இருந்த அறை எங்கே தெரியுமா? கோயிலுக்குள்ளேயே, உண்டியலுக்கு எதிர்ல. சின்ன அறை. உண்டியல்ல போடறதுக்குக் கை நீளுது, திரும்பி அந்தப் பக்கம் பார்க்கக் கழுத்து வளையலை! மார்கழியில ஆண்டாள் தமிழ்ல எழுப்பற சந்நிதிம்மா அது. அங்கே தெலுங்குப் பாட்டு பல நூறு வருஷம் ஓசைப்படாமக் கிடந்தது. நாம லட்டு எண்ணிக்கிட்டு இருந்தோம். கோபமா? கோபப்படுங்க, நாளைக்கும் வந்து கோபப்படுங்க. (சிரிப்பு)

எங்கே விட்டேன்? நாகையா. ராஜாவுக்கு வேண்டாம்னு திரையில சொன்ன மனுஷர், கை நீட்டினவங்களுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லத் தெரியாதவர். எவ்வளவோ சம்பாதிச்சார்; எல்லாம் கொடுத்தே கரைஞ்சுது. 1965-ல பத்மஸ்ரீ வந்தது. 1973 டிசம்பர் 30, சென்னையில காலம் முடிஞ்சது. பனகல் பார்க்ல சிலை இருக்கு. புடவைக்கடைப் பையோட அந்த வழியா எத்தனை தடவை போயிருக்கீங்க!

நாளைக்கு போதனாவோட கஜேந்திர மோட்சம். ஆறரைக்கு ஆரம்பம். முன்வரிசை அண்ணன் இன்னைக்கே தூங்கி முடிச்சுட்டார், அவருக்குக் கவலையில்லை. மத்தவங்க வீட்டுல தூங்கிட்டு வாங்க.