தொழு: நெல் இருந்த கட்டடங்களைக் காப்பது பற்றி

தமிழில் ‘தொழு’ என்னும் ஒரே ஒலி மூன்று பொருள்களைச் சுமக்கிறது. வினையாக வரும்போது அது வணங்குதலைக் குறிக்கும். பெயராக வரும்போது மாடு கட்டும் கொட்டிலையும், குற்றஞ்சாட்டப்பட்டவனின் காலை மரத்துளைக்குள் நுழைத்துப் பூட்டிவைக்கும் தண்டனைக் கருவியையும் குறிக்கும். இவற்றோடு, வயலில் உழைப்பவர்களைச் சங்க நூல்கள் தொழுவர் என்று அழைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். இச்சொற்கள் ஒரே வேரில் கிளைத்தவையா என்பது மொழிநூலார் ஆராய வேண்டிய செய்தி. ஆயினும், தாமிரபரணிக் கரையில் எஞ்சியிருக்கும் பழைய பண்ணைக் கட்டடங்களைக் காப்பது அறமா, காப்பதாயின் எதைக் காப்பது என்னும் வினா எழும்போது, வணக்கம், மாடு, தண்டனை ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் எட்டு அணைக்கட்டுகளின் பாசனத்தில் கார், பிசானம் என இரு பூ விளைந்த இப்பள்ளத்தாக்கில், நெல்லே அளவுகோலாகவும் இருந்தது. இருபத்தொரு மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. நிலத்தின் பரப்பைக்கூட, அதில் விதைக்கத் தேவைப்படும் நெல்லைக் கொண்டு, ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்றே சொன்னார்கள். விதைநெல்லை வைக்கோற்புரியால் சுற்றி இறுக்கிக் கட்டிய உருண்டைக்கும் கோட்டை என்றே பெயர். இத்தகைய ஊர்களில் களம், தொழு, வைக்கோற்படப்பு, பத்தாயம், குலுக்கை ஆகியவை வீட்டின் உறுப்புகளாக விளங்கின. பத்தாயம் என்பது பலகைகளால் அமைந்த பெரும் நெற்பெட்டி. குலுக்கை என்பது மண்ணைக் குழைத்து உறை உறையாக அடுக்கி, உள்ளும் புறமும் சாணமும் மண்ணும் கலந்து மெழுகிய நெற்கூடு. தரையின் ஈரம் ஏறாதிருக்கக் கல்லின்மேல் நிறுத்தப்பட்ட அதற்கு இரண்டு வாய்கள் உண்டு. மேல்வாய் வழியே நெல்லைக் கொட்டி, பூச்சி அண்டாமலிருக்க இடையிடையே நொச்சித் தழையைப் பரப்பி மூடிவிடுவார்கள். அடியிலுள்ள சிறு துளையை அடைத்திருக்கும் துணிப்பந்தைப் பிடுங்கினால், கீழே வைத்த மரக்காலில் நெல் தானாகவே சரிந்து விழும். முதலில் போட்ட நெல் முதலில் வெளியேறும் ஏற்பாடு அது.

இவை மறைந்ததற்குப் பெரும் காரணங்களைத் தேட வேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் சூடடிக்கும் களத்துக்கு வேலை குறைந்தது. நெல் வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியிடமோ போகத் தொடங்கியபின் குலுக்கை வெறும் மண்ணாயிற்று. டிராக்டர் வந்தபின் தொழு வாகனக் கொட்டகையாயிற்று.

சட்டத்தின் பார்வையில் இவை பெரும்பாலும் இல்லாதவை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் தொன்மையான கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்க வழிசெய்கின்றன. மத்தியச் சட்டம் குறைந்தது நூறாண்டுப் பழமையை எதிர்பார்க்கிறது. இவ்வழியில் பாதுகாப்புப் பெற்ற நெற்களஞ்சியங்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கர் ஆட்சியில் எழுந்த, மூவாயிரம் கலம் கொள்ளும் என்று சொல்லப்படும் களஞ்சியம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; செஞ்சிக் கோட்டையின் களஞ்சியம் கோட்டையோடு சேர்ந்து காக்கப்படுகிறது; திருவரங்கத்தில் தாயார் சன்னதிக்கு அருகே வட்ட வடிவச் செங்கற் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. அரசனோ ஆண்டவனோ உடைமையாளனாக இருந்த நெல்லுக்கு மட்டுமே நினைவுச்சின்னம் வாய்த்திருக்கிறது என்பதை இப்பட்டியலே சொல்லிவிடுகிறது.

இங்கிலாந்தின் நிலை சற்று வேறு. அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வளர்ந்த பட்டியலில் எளிய பண்ணைக் கொட்டில்களும் இடம்பெறுகின்றன. பட்டியலில் உள்ள பண்ணை வீட்டின் வளாகத்துக்குள் 1948ஆம் ஆண்டு ஜூலைக்கு முன்பிருந்தே நின்றுவரும் கட்டுமானமும் அவ்வீட்டோடு சேர்ந்தே காக்கப்படும். 1426இல் மரத்தால் எழுப்பப்பட்ட ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியத்தைக் கவிஞர் ஜான் பெட்ஜமன் பேராலயத்துக்கு ஒப்பிட்டார். கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தை வில்லியம் மாரிஸும் அவ்வாறே போற்றினார். முன்னது ஒரு கல்லூரியின் உடைமையாகவும், பின்னது ஒரு துறவி மடத்தின் உடைமையாகவும் இருந்தன. கூரையைத் தாங்கும் மரங்களின் அழகில் மனம் தோய்ந்தவர்களின் புகழ்ச்சி நியாயமானதே. ஆனால் அக்கூரையின்கீழ் குவிந்த தானியத்தை விளைவித்த கைகள் எவை என்பதை அவ்வொப்புமை சொல்வதில்லை. களஞ்சியத்தைக் கோயில் என்று அழைத்ததும் அக்கேள்வி தானாகவே அடங்கிவிடுகிறது.

தமிழ்ச் சமய மரபு இக்கேள்வியை அடக்கவில்லை. திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதையில், வேதபட்டர் இரந்து சேர்த்து, நிவேதனத்துக்காகக் காயவைத்த நெல்லை மழை சூழ்ந்தபோது இறைவனே வேலியாகி நின்றான். நெல்லின் காவலன் கடவுள் என்பதே இதன் பொருள். இக்கருத்து எல்லைவரை சென்றால் என்னவாகும் என்பதைச் சேக்கிழார் கோட்புலி நாயனார் புராணத்தில் காட்டுகிறார். சோழனின் படைத்தலைவரான கோட்புலியார், சிவனுக்கு அமுதுபடியாக நெல்லைக் கூடுகட்டி வைத்துவிட்டுப் போருக்குப் போகிறார். பஞ்சம் வருகிறது, உறவினர்கள் பசி தாளாமல் அந்நெல்லை எடுத்து உண்கிறார்கள். திரும்பி வந்தவர் அனைவரையும் வெட்டுகிறார். அந்நெல்லை உண்ட தாயின் பாலைக் குடித்தது என்பதற்காகப் பச்சிளங்குழந்தையையும் விடவில்லை. இறைவன் தோன்றி அனைவரையும் ஆட்கொண்டதாகக் கதை முடிகிறது. பக்தியின் உறுதியை இது காட்டுகிறது என்பது மரபான விளக்கம். அவ்விளக்கத்தை மதித்தாலும், ஒன்றை மறுக்க இயலாது: பசித்தவன் எட்டாத இடத்தில் நெல்லை வைத்துக் காப்பதே புனிதம் என்றால், அப்புனிதம் ஒரு குழந்தையின் கழுத்தில் வந்து முடியும் என்பதை அந்தப் புராணமே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

அதே பெரியபுராணத்தில்தான், விதைத்த முளைநெல்லை நள்ளிரவு மழையில் வாரிவந்து அடியாருக்கு அமுதிட்ட இளையான்குடி மாறனாரும் இருக்கிறார். மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியோ ஆதிரை முதற்பிச்சை இட்ட பிறகே உணவு சுரக்கத் தொடங்கியது; இடுதல்தான் அதன் இயல்பு. ஆக, மரபுக்குள்ளேயே இரு களஞ்சியங்கள் உண்டு: பூட்டப்பட்டதால் தூய்மையானது ஒன்று, திறக்கப்பட்டதால் தூய்மையானது மற்றொன்று. குலுக்கையின் இரு வாய்களும் இவ்விரண்டையும் ஒரே உடலில் கொண்டிருக்கின்றன.

தொழு என்னும் சொல்லின் தண்டனைப் பொருளுக்கு வரும்போது, முக்கூடலின் பெயர் முக்கியமாகிறது. தாமிரபரணிக் கரையில் இன்று அப்பெயருடன் பேரூர் ஒன்று இருந்தாலும், முக்கூடற் பள்ளு பாடும் முக்கூடல், ஆற்றோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பகுதி என்பது அறிஞர் கொள்கை. பள்ளு என்பது வயல்வேலை செய்யும் குடும்பத்தின் வாழ்வைக் கதைப்போக்கில் பாடும் சிற்றிலக்கியம். முக்கூடற் பள்ளின் உழவனுக்கு மனைவியர் இருவர்: மூத்தவள் முக்கூடலையும், இளையவள் மருதூரையும் சேர்ந்தவர்கள். ஒருத்தி திருமாலையும் மற்றவள் சிவனையும் வழிபடுபவள். மழையும் ஆறும் மாடும் நெல்வகைகளும் நிறைந்த அந்நூலை வேளாண்மையின் கொண்டாட்டமாக வாசிப்பதே வழக்கம். ஆயினும் அதன் நடுவில் ஒரு தொழு இருக்கிறது. மூத்தவளின் முறையீட்டைக் கேட்ட பண்ணைக்காரன், உழவனின் காலைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். பின்னர் அவளே மனமிரங்கி அவனை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாகிறது. அறுவடை முடிந்து நெல் அளக்கப்படும்போது, பங்கு கேட்கும் குரலும் பள்ளு மரபில் ஒலிக்கிறது. நகைச்சுவைக்காக அமைந்த காட்சிகள் இவை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். மரத்துளைக்குள் கணுக்கால் நுழைந்தவனுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

இந்நிலையில், துன்பம் படிந்த கட்டடம் அழிந்தால் அழியட்டும் என்னும் வாதம் வலுவுடையதே. அடக்குமுறைக்கு நினைவுச்சின்னம் எதற்கு என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடம் அழியும்போது அழிவது ஆண்டையின் பெருமை அன்று. அது பட்டாவிலும், கோயிற் கல்வெட்டிலும், குடும்பப் பெயரிலும் பத்திரமாக இருக்கிறது. அழிவது உழைத்தவர்களின் கைவண்ணம்: மெழுகிய சுவரில் பதிந்த விரற்கோடு, மாடு உராய்ந்து வழுவழுப்பான தொழுவத் தூண், பிணையல் மாடுகள் சுற்றித் தேய்ந்த களம். அவர்களுக்கு வேறு கல்வெட்டு இல்லை. சிவகளை அகழாய்வில் புதைகுழித் தாழிக்குள் கிடைத்த நெல் உமி, கி.மு. 1155ஆம் ஆண்டளவிலானது எனக் காலக்கணிப்பு சொன்னபோது தமிழுலகம் மகிழ்ந்தது. இறந்தவருக்காக ஒருபிடி நெல் வைத்த மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பானைக்குக் காட்டும் பரிவை, இரண்டு தலைமுறைக்கு முன்புவரை உயிருள்ளோருக்காக நெல் நிறைந்திருந்த மண்கூட்டுக்கு மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

எனவே காத்தல் என்பது சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, வேலி போட்டு, நீலப்பலகை நட்டுவிடுவதோடு நிறைவு பெறாது. பொதுவாக இத்தகைய பலகைகள் கட்டியவன் பெயரையும், காலத்தையும், கொள்ளளவையும் தருகின்றன. அது மேல்வாயின் வரலாறு மட்டுமே. கீழ்வாயின் வரலாறும் எழுதப்பட வேண்டும். தாமிரபரணிக் கரையில் ஒரு குலுக்கையோ தொழுவோ பதிவேட்டில் ஏறும் நாள் வந்தால், துணிப்பந்தைப் பிடுங்கி மரக்காலைப் பிடித்தவர் யார், அந்நெல் நில உடைமையாளர் பங்கான மேல்வாரமாக யாருக்குப் போயிற்று, கூலியாக எத்தனை படி நின்றது, பஞ்ச காலத்தில் அத்துளை திறந்ததா என்பவற்றை, அவ்வேலை செய்த குடும்பங்களின் முதியோர் வாய்மொழியாகவே கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதிச் சேர்க்க வேண்டும்.